மலிந்த மருந்தும் மலியாத நோயறிதலும்

2000ஆம் ஆண்டு மார்ச் மாதம், பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய நோய்க்கு அதுவரை யாருக்கும் கொடுத்திராத மாத்திரை ஒன்றைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவருடைய வயிற்றில் தோன்றிய கட்டியை வெட்டியெடுத்த பின்னும் அது ஈரலுக்குப் பரவியிருந்தது. மறுபடியும் சத்திரசிகிச்சை செய்தாயிற்று, கீமோதெரபியும் கொடுத்தாயிற்று. எதற்கும் நோய் மசியவில்லை. வைத்தியர் ஹெய்க்கி யோயென்சுவும் அவருடைய குழுவினரும் கொடுத்த அந்த மாத்திரையின் பெயர் இமட்டினிப். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு மருத்துவ இதழில் வெளியான அந்த ஒற்றை நோயாளியின் வரலாறு, சார்கோமா என்ற புற்றுநோய்க் குடும்பத்தை உலகம் அணுகிய விதத்தையே மாற்றியது.

அன்று அதிசயமாக இருந்த அந்த மாத்திரையை இன்று இந்தியாவில் பல கம்பனிகள் தயாரிக்கின்றன. அதற்கு ஊசி வேண்டாம், வார்டில் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். இலங்கையின் ஊவா மாகாணத்தில், பசறையிலோ மடுல்சீமையிலோ ஹப்புத்தளையிலோ ஒரு லயக் காம்பராவில் இருந்தபடி, சாப்பாட்டோடு ஒரு குவளை தண்ணீர் குடித்து விழுங்கிவிடலாம். ஆனால் அது யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கிற வேலை மட்டும் மாத்திரையைப்போல் மலியவில்லை. ஊவாவின் தோட்டங்களில் இந்தப் புற்றுநோயால் ஒருவர் இறந்தால், மருந்து இல்லாததைவிட, உரிய நேரத்தில் நோய்க்குப் பெயர் வைக்கப்படாததே காரணமாக இருக்கும் என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. இந்தக் குறையைப் போக்குவது நம்மால் ஆகிற காரியம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

தசையிலும் எலும்பிலும் பிறக்கும் நோய்

வாய், மார்பகம், நுரையீரல், குடல் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை உறுப்புகளின் உட்தோலில் தொடங்குகின்றன. சார்கோமா அப்படியல்ல. தசை, கொழுப்பு, எலும்பு, குருத்தெலும்பு, இரத்தக் குழாய்ச் சுவர் என்று உடலைக் கட்டித் தாங்குகிற இழையங்களில் அது பிறக்கிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான் சார்கோமா. குழந்தைகளிலும் இளவயதினரிலும் அதன் பங்கு இதைவிடப் பல மடங்கு அதிகம். பள்ளிக்கூடம் போகிற வயதில் முழங்காலுக்கு மேலோ கீழோ வரும் எலும்புச் சார்கோமா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. மொத்தத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனி நோய் போலவே நடந்துகொள்ளும்.

ஹெல்சிங்கிப் பெண்ணுக்கு வந்தது இரைப்பை–குடல் சுவரில் தோன்றும் சார்கோமா. வைத்தியர்கள் அதைச் சுருக்கமாக ‘ஜிஸ்ட்’ என்கிறார்கள். குடலைத் தாளம் தவறாமல் அசையச் செய்கிற கலங்கள் அந்தச் சுவருக்குள் இருக்கின்றன. அவற்றோடு தொடர்புள்ள கட்டி இது. பத்தில் ஆறு இரைப்பையிலும், மூன்று சிறுகுடலிலும் வருகின்றன. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களையே தாக்குகிறது.

இது எத்தனை பேருக்கு வரும்? உலகில் பல நாடுகளில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேரில் பத்து முதல் பதினைந்து பேருக்கு ஜிஸ்ட் கண்டுபிடிக்கப்படுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஊவா மாகாணத்தின் சனத்தொகை ஏறத்தாழ 12 இலட்சத்து 66 ஆயிரம். அதே வீதம் இங்கும் பொருந்துமானால், பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களிலும் சேர்த்து ஆண்டுக்குப் பன்னிரண்டு முதல் பத்தொன்பது பேருக்கு இந்த நோய் வந்துகொண்டிருக்க வேண்டும். பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். அப்படியானால் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று பேர் தோட்டத்து மனிதர்களாக இருக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு அது இருபது முப்பது குடும்பங்களாகிவிடும்.

நிற்காத தப்பு

கலம் ஒன்று எப்போது பெருக வேண்டும் என்பது அதன் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஓர் உவமை போதும். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் திரட்ட, தப்படிப்பார்கள். சத்தம் கேட்டால் ஆட்கள் எழுந்து வேலைக்குப் போவார்கள், கேட்காவிட்டால் போகமாட்டார்கள். கலத்தின் மேற்பரப்பில் ‘ஏற்பி’ எனப்படும் புரதங்கள் நிற்கின்றன. வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால்தான் அவை விழித்துக்கொண்டு உள்ளே செய்தி அனுப்பும். அந்தச் செய்தி ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறி, கடைசியில் கலத்தின் கருவை அடைந்து, ‘பெருகு’ என்ற ஆணையாகிறது. இந்தத் தொடரைத்தான் சமிக்ஞைப் பாதை என்கிறார்கள்.

ஜிஸ்டில் பழுதாவது ‘கிட்’ என்ற ஏற்பி. ஜப்பானின் ஒசாக்காவில் செய்யீச்சி ஹிரோத்தாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1998இல் இதைக் கண்டறிந்தார்கள். கிட் மரபணுவில் ஏற்படும் சிறிய பிறழ்வால், வெளியிலிருந்து எந்தக் காரணியும் வராமலே ஏற்பி விழித்தபடி இருக்கிறது. இரவும் பகலும் தப்பு ஓயாமல் அடிக்கிறது, கலங்களும் ஓயாமல் பெருகுகின்றன. நான்கில் மூன்று ஜிஸ்ட் கட்டிகளில் கிட் மரபணுவே பழுது. இன்னும் சிலவற்றில் அதன் உறவான வேறோர் ஏற்பியில் பழுது.

செய்தி அனுப்புவதற்கு ஏற்பி ஏ.ரி.பி. என்ற சக்தி மூலக்கூறைத் தன் குழிவொன்றில் பிடித்து, அதிலிருந்து ஒரு பொஸ்பேற்றை எடுத்து அடுத்த புரதத்தில் ஒட்ட வேண்டும். இமட்டினிப் அதே குழிவுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏ.ரி.பி.க்கு இடம் இல்லாமல் போகிறது, செய்தி நின்றுவிடுகிறது. வழக்கமான கீமோதெரபி பெருகுகிற எல்லாக் கலங்களையும் தாக்குவதால் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. இமட்டினிப்போ பழுதான அந்த ஏற்பியையும் அதை ஒத்த ஒரு சிலவற்றையும் மட்டுமே தடுக்கிறது. அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு, வயிற்றோட்டம் வரலாம். ஆனாலும் பெரும்பாலோர் அதைச் சாப்பிட்டபடியே தங்கள் அன்றாட வேலையைச் செய்ய முடிகிறது.

இந்த மருந்து முதலில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காகவே 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2002இல் ஜிஸ்டுக்கும் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் பரவிய ஜிஸ்டுக்குக் கீமோதெரபி கொடுத்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூடக் கட்டி சுருங்காது. ஜோர்ஜ் டிமெட்ரி தலைமையில் 147 பேரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இமட்டினிப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. கட்டியை வெட்டியெடுத்த பின், நோய் திரும்பும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மூன்று ஆண்டுகள் இந்த மாத்திரையைக் கொடுத்தபோது, ஐந்தாண்டு முடிவில் 92 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். ஓராண்டு மட்டும் கொடுத்தவர்களில் அது 82 சதவீதம். ஸ்கண்டினேவிய நாடுகளும் ஜேர்மனியும் சேர்ந்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு இது.

எல்லாப் பூட்டுக்கும் சாவி கிடைக்கவில்லை

இந்த வெற்றியைப் பார்த்து, எல்லாச் சார்கோமாவுக்கும் இப்படி ஒரு மாத்திரை வந்துவிடும் என்று உலகம் நம்பியது. அந்த நம்பிக்கை முழுதாகக் கைகூடவில்லை என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓலாரட்டுமாப் என்ற மருந்து வேறொரு வளர்ச்சி ஏற்பியைத் தடுப்பது. சிறிய ஆய்வொன்றில் அது நோயாளிகளின் ஆயுளை ஓராண்டுக்குக் கிட்ட நீட்டியதாகத் தெரிந்ததால், 2016இல் அமெரிக்கா அவசரமாக அனுமதித்தது. பெரிய ஆய்வு முடிந்தபோது அதனால் ஆயுள் நீளவில்லை என்று தெரிந்தது. 2019இல் மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. இளவயதினரைத் தாக்கும் யூவிங் சார்கோமாவிலும் வளர்ச்சி ஏற்பியைத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தார்கள். ஒரு சிலருக்கு அற்புதமாக வேலை செய்தவை, பெரும்பாலோருக்குப் பயன்படவில்லை. அந்த நோயில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் புரதம் மரபணுக்களை நேரடியாக இயக்கி விடுகிறது. மருந்து போய் உட்கார அதில் வசதியான குழிவு இல்லை.

பயன் தந்தவையும் உண்டு. தோலடியில் மெதுவாக வளரும் ஓர் அரிய சார்கோமாவுக்கு இமட்டினிப்பே 2006இல் அனுமதி பெற்றது. மென்னிழையச் சார்கோமா சிலவற்றுக்குப் பசோபனிப் 2012இல் வந்தது. அது நோயைத் தீர்ப்பதில்லை, வளர்ச்சியைச் சில மாதங்கள் தள்ளிப்போடுகிறது. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகைச் சார்கோமாவில் ஒரே ஒரு மரபணு இணைப்புதான் காரணம். அதைத் தடுக்கும் லாரோட்ரெக்டினிப் 2018இல் வந்த பிறகு, கையையோ காலையோ துண்டிக்க வேண்டியிருந்த சில குழந்தைகளுக்கு அந்த நிலை வராமல் தப்பிக்க முடிந்திருக்கிறது.

இவை எல்லாவற்றிலிருந்தும் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று. இலக்கு வைத்துத் தாக்கும் மருந்து, இலக்கு எது என்று தெரிந்தால்தான் பயன்படும். இமட்டினிப்புக்கு அறவே கட்டுப்படாத ஜிஸ்ட் வகையும் இருக்கிறது, இரட்டிப்பு அளவு தேவைப்படும் வகையும் இருக்கிறது. கட்டி எது என்று தெரியாமல் மருந்தின் விலையை மட்டும் குறைத்துப் பயனில்லை. பெரும்பாலான சார்கோமாக்களுக்கு இன்றும் முதற்சிகிச்சை நல்ல சத்திரசிகிச்சைதான். அதுவும் கட்டி சிறிதாக இருக்கும்போது, சரியான பரிசோதனைக்குப் பிறகு செய்தால்தான் பலிக்கும்.

சென்னையில் வென்ற வழக்கும் பிபிலையில் பிறந்த பேராசிரியரும்

இமட்டினிப் ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்த கதையில் சென்னையின் பங்கு பெரியது. சுவிற்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பனி, ‘கிளிவெக்’ என்று தான் விற்ற இந்த மருந்தின் குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் இந்திய மருந்துக் கம்பனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் திறனில் மேம்பட்டிருந்தாலன்றிக் காப்புரிமை இல்லை என்பது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பனி தொடுத்த வழக்கை, நீதியரசர்கள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் ஆகியோர் அடங்கிய சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. கடைசியாக 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் கம்பனியின் கோரிக்கையை நிராகரித்தது. மாதம் ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபா விலை சொல்லப்பட்ட மருந்தை, இந்தியக் கம்பனிகள் 8,000 முதல் 10,000 ரூபாவுக்குக் கொடுக்க முடிந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இமட்டினிப்பைச் சேர்த்தது. அங்கு குறிப்பிடப்பட்ட நோய்களில் ஜிஸ்டும் ஒன்று.

மருந்தை அதன் பொதுப் பெயரில், நாடு முழுவதற்கும் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி, மலிவாக வாங்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர் ஊவாவைச் சேர்ந்தவர். பேராசிரியர் சேனக்க பிபிலே 1920இல் பிபிலையில் பிறந்தார். லுணுகலை மலையிலிருந்து இறங்கினால் வருகிற ஊர் அது. 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். நாட்டுக்கு உண்மையில் எந்த மருந்துகள் தேவை என்று பட்டியலிட்டு, கம்பனிப் பெயருக்காகக் கொடுக்கும் அதிக விலையை வெட்டினார். 1977 செப்டெம்பரில் கயானாவில் அவர் காலமானார். அடுத்த மாதம் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அவர் வகுத்த கொள்கையின் பயன், அவர் பிறந்த மாகாணத்தின் தோட்டத்து மக்களுக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டாமா?

தோட்டத்தில் நோய் மறையும் இடங்கள்

ஜிஸ்ட் சத்தம் போட்டுக்கொண்டு வருகிற நோயல்ல. குடல் சுவரில் இருந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசியும். ஆள் வெளிறிப்போவார். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். மலம் கறுப்பாகப் போகும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்தாற்போல் இருக்கும். தோட்டத்தில் இதற்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ‘ரெத்தம் கொறைவு’, ‘வாய்வு’, ‘வயசாயிருச்சு’. கொழுந்தெடுக்கும் பெண்களிடம் இரத்தசோகை அவ்வளவு சகஜம் என்பதால், டிஸ்பென்சரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இளம் தாய்க்கு அது சரியாக இருக்கலாம். மாதவிலக்கு நின்று பல ஆண்டான ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் அறுபது வயது ஆணுக்கும் இரத்தம் குறைந்தால், அது எங்கே போகிறது என்று தேடியே ஆக வேண்டும். அந்தத் தேடலில் ஜிஸ்ட் மட்டுமல்ல, அதைவிட அதிகமாக வரும் இரைப்பைப் புற்றுநோயும் பெருங்குடல் புற்றுநோயும் கண்ணில் படும்.

கை காலில் வரும் சார்கோமாவின் வழி வேறு. தொடையிலோ தோளிலோ வலியில்லாத ஒரு வீக்கம் தெரியும். தோட்டத்து மலைச்சரிவில் சறுக்கி விழாதவர்களும் கவ்வாத்து வேலையில் அடிபடாதவர்களும் குறைவு. ஆகவே ஒவ்வொரு வீக்கத்துக்கும் ஒரு பழைய அடி காரணமாகக் கிடைத்துவிடுகிறது. எண்ணெய் போட்டு உருவுகிறார்கள், பத்துப் போடுகிறார்கள், ‘கொழுப்புக் கட்டிதான், ஒண்ணும் பண்ணாது’ என்று ஆறுதல் சொல்கிறார்கள். பெரும்பாலான கட்டிகள் உண்மையிலேயே ஒன்றும் செய்யாதவைதான். அதனால்தான் ஒன்றிரண்டு தப்பிவிடுகின்றன. இரவில் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும் பதின்மூன்று வயதுப் பையனிடம் ‘வளருற வலி’ என்று சொல்லி மாதங்கள் கழிகின்றன. எலும்புச் சார்கோமாவில் அந்த மாதங்களே காலைக் காப்பதற்கும் இழப்பதற்கும் இடையிலான தூரம்.

பதுளையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். நாட்டின் தலைமைப் புற்றுநோய் மருத்துவமனையான அபேக்ஷா வைத்தியசாலை மஹரகமவில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தோட்டத்தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயாளியும் துணைக்கு ஒருவரும் இரண்டு நாள் மஹரகமவுக்குப் போய் வந்தால், பஸ் காசும் சாப்பாடும் சேர்க்காமலே 5,400 ரூபா வீட்டுக்கு வராமல் போகிறது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்கிற வாழ்க்கையில், அடுத்த கிளினிக் தவறுவதற்கு அலட்சியத்தைக் காரணம் சொல்வது அநியாயம். அடுத்த வாரம் அடுப்பெரிய வேண்டுமே என்ற கணக்குத்தான் அவர்களை நிறுத்துகிறது.

மொழியும் இங்கே ஒரு மருத்துவப் பிரச்சினைதான். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆனாலும் கிளினிக் கொப்பியில் ஆங்கிலமும் வாய்மொழி அறிவுறுத்தலில் சிங்களமும் இருக்கும்போது, ‘வெட்டியெடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அறிக்கையை வாங்கிக்கொண்டு கட்டாயம் வாருங்கள்’ என்ற ஒரு வசனம் தோட்டத்து நோயாளிக்குப் புரியாமல் போய்விடக்கூடும். புண் ஆறிவிட்டது, கட்டியும் போய்விட்டது என்று அவர் மலைக்குத் திரும்பிவிட்டால், அறிக்கை கோப்பிலேயே கிடக்கும். நோய் திரும்பி வரும்போது இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் இருக்காது.

அரிய நோய்க்கு ஏன் இவ்வளவு அக்கறை?

நியாயமான ஒரு கேள்வி எழும். லயங்களில் நல்ல குடிதண்ணீர் இல்லை, மண்சரிவுப் பயம் தீரவில்லை, சத்தான உணவு இல்லை. இவை இப்படியிருக்க, ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கு வரும் நோய்க்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் ஏன் நேரம் செலவிட வேண்டும்?

சார்கோமாவுக்கென்று தனியாக எதையும் கட்டும்படி யாரும் கேட்கவில்லை. சந்தேகப்படத் தெரிந்த ஒரு தோட்ட வைத்திய உதவியாளர், நாள் குறித்து அனுப்பும் ஒரு கடிதம், ஸ்கேன், இழையப் பரிசோதனை, நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒரு விளக்கம், தொடர்ந்து கிடைக்கும் மருந்து. வெற்றிலை போடும் பழக்கத்தால் வரும் வாய்ப் புற்றுநோய்க்கும், மார்பக, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களுக்கும் இதே சங்கிலிதான் வேண்டும். அரிய நோயைப் பிடிக்கும் அளவுக்கு உறுதியாக அதைச் செய்தால், பரவலான நோய்கள் எதுவும் அதிலிருந்து நழுவாது. வசதியுள்ளவர் கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் பணம் கொடுத்து இந்தச் சங்கிலியை வாங்கிவிடுகிறார். கூலிக்காரருக்கு அதை அரசுதான் தர வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, டிஸ்பென்சரிச் சுவரில் தமிழில் ஒரு பக்க அறிவித்தல். ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டிய கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, தசைக்குள் ஆழமாக இருக்கும் கட்டி, ஒருமுறை வெட்டிய இடத்தில் திரும்ப வரும் கட்டி, தூக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் உருவக்கூடாது, பத்துப் போடக்கூடாது, பதுளைக்கு அனுப்ப வேண்டும். வளரும் கட்டியுள்ள பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள்ளும் பிள்ளைகளுக்கு 48 மணித்தியாலத்துக்குள்ளும் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது பிரித்தானியாவின் வழிகாட்டல். அதே கெடுவை ஊவாவுக்கும் இலக்காக வைக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தவரின் காரணம் தெரியாத இரத்தசோகையும் இந்த அறிவித்தலில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவது, எந்தப் பிரதேச வைத்தியசாலையிலும் பெரிய கட்டியைப் பயொப்சி எனப்படும் இழையப் பரிசோதனை இல்லாமல் வெட்டக்கூடாது. எவ்வளவு சிறிய கட்டியை வெட்டினாலும் போர்மலின் போத்தலில் இட்டுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடக்கூடாது. சார்கோமாவைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து அரைகுறையாக வெட்டிவிட்டால் நோய்க் கலங்கள் சுற்றிலும் சிதறிவிடும். பிறகு பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படும், சிலருக்குக் காலையே இழக்க வேண்டி வரும்.

மூன்றாவது, நோயாளிக்குப் பதிலாக இழையத் துண்டு பயணம் செய்யட்டும். பரபின் மெழுகில் பதித்த துண்டு பல ஆண்டுகள் கெடாது, தபாலில்கூட அனுப்பலாம். ஜிஸ்டை உறுதிப்படுத்த, கிட் புரதம் இருக்கிறதா என்று நிறமேற்றிப் பார்க்கும் பரிசோதனை பெரும்பாலும் போதுமானது. எந்த வகைப் பிறழ்வு என்று அறிய மரபணுப் பரிசோதனை வேண்டும். இந்த வசதிகளைப் பதுளையில் உடனே ஏற்படுத்த முடியாவிட்டால், வசதியுள்ள ஆய்வுகூடத்தோடு எழுத்துமூல உடன்பாடு செய்து, எத்தனை நாளில் பதில் வர வேண்டும் என்று கெடு வைக்கலாம். மருந்து மலிந்த பிறகும் நோயறிதல் மலியவில்லை என்று சொல்வது இந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான். வருடக்கணக்கில் மருந்துக்குச் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால், ஒருமுறை செய்யும் பரிசோதனையின் செலவு பெரிதல்ல. தவறான ஆளுக்குத் தவறான மருந்து கொடுக்கும் வீண்செலவையும் அது தடுக்கிறது.

நான்காவது, மருந்து நடுவில் அறுபடக்கூடாது. நோய் அடங்கியவர்களிடம் இமட்டினிப்பை நிறுத்திப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில், நிறுத்திய பெரும்பாலோருக்கு நோய் மீண்டும் வளர்ந்தது. 2022இல் அந்நியச் செலாவணி இல்லாமல் நாட்டின் வைத்தியசாலைகளில் மருந்துகள் தீர்ந்துபோனதை நாம் மறக்கவில்லை. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்வனவு செய்யப்பட்ட விவகாரத்தையும் மறக்கவில்லை. மலிவு என்பதும் தரம் என்பதும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கிற காரியங்கள் அல்ல என்பதே பிபிலேயின் கொள்கை. எண்ணிக்கையில் மிகக் குறைந்த இந்த நோயாளிகளுக்கு மூன்று மாதக் கையிருப்பைப் பதுளையிலேயே வைத்து, தர உறுதிப்பாட்டோடு அங்கேயே கொடுப்பது சுகாதார அமைச்சுக்குப் பாரமாக இராது.

ஐந்தாவது கடமை கம்பனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் உரியது. புற்றுநோய்க் கிளினிக் கொப்பியில் திகதி போட்டுக் கொடுக்கப்பட்ட நாளை வேலைநாளாகக் கணக்கெடுத்து, நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் முழுப் பேர் போட வேண்டும். ஒரு தோட்டத்தில் ஓராண்டுக்கு இப்படி எத்தனை நாள் வந்துவிடும்? கம்பனியின் கணக்கில் அது தெரியக்கூட மாட்டாது. தொழிலாளியின் கணக்கிலோ சிகிச்சை தொடர்வதும் நிற்பதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

இந்த ஐந்தில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம், புதிய கண்டுபிடிப்பும் வேண்டாம். ஒசாக்காவில் பழுதைக் கண்டுபிடித்தவர்களும், ஹெல்சிங்கியில் துணிந்து மருந்து கொடுத்தவர்களும், சென்னையில் விலைக்கு எதிராக வழக்காடியவர்களும் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது டிஸ்பென்சரிக்கும் பதுளை ஆய்வுகூடத்துக்கும் சம்பளப் பதிவேட்டுக்கும் இடையிலான வேலை. அறிவித்தலை அச்சடிப்பதும் ஆய்வுகூட உடன்பாட்டை எழுதுவதும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு, அதை இந்த ஆண்டே தொடங்கலாம். கூட்டு ஒப்பந்த மேசையில் அடுத்த முறை உட்காரும் தொழிற்சங்கத் தலைவர்கள், நாட்கூலிக் கோரிக்கைக்குக் கீழே கிளினிக் நாளுக்கான சம்பளத்தையும் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். அந்த ஒரு வரி, இன்னும் நோய் கண்டறியப்படாமல் கொழுந்துக் கூடையோடு மலையேறிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பல ஆண்டு ஆயுளைத் தரும்.